கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்துங்கள்

கோடியக்கரையில் தொடங்கி, கடலோரமாகவும் கரிசல் காட்டுக்குள்ளும் புகுந்து, கூந்தன்குளம் பறவைச் சரணாலயம் வரை தனியாக வண்டியில் போவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

பணி ஓய்வு பெற்றுவிட்டேன். ஜனவரியில் மூன்று நாள் ஒதுக்கி, கோடியக்கரை, ராமநாதபுரம், தூத்துக்குடி, கூந்தன்குளம் என்று பைக்கில் தனியாகப் போக எண்ணம். வழியில் பறவை, விலங்கு எல்லாம் பார்க்க வேண்டும். மூன்று நாள் போதுமா?
வாசகர், மன்னார்குடி

வண்டி ஓட்டப் போதும், பார்க்கப் போதாது. நேர்வழியே ஏறக்குறைய 450 கி.மீ. வரும். தனுஷ்கோடிக்குப் போய்த் திரும்புவது, முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிளைச் சாலைகள் எல்லாம் சேர்ந்தால் 600-ஐத் தொடும். மூன்று நாளில் முடிக்க நினைத்தால் நாளொன்றுக்கு 200 கி.மீ. ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டுகிறவர் கண்ணில் மைல்கல்லும் டீக்கடையும்தான் படும்.

ஏழு நாள் ஒதுக்குங்கள். சராசரியாக ஒரு நாளைக்கு 80 முதல் 100 கி.மீ., வேகம் 40. இதில் ஓட்டும் நேரம் மூன்று மணிக்குள் அடங்கிவிடும். காலையில் மூன்று மணி நேரமும் மாலையில் இரண்டு மணி நேரமும் வண்டி நின்றுகொண்டிருக்க வேண்டும். முதல் இரண்டு நாள் வேதாரண்யத்தில் தங்கிக் கோடியக்கரை. மூன்றாம் நாள் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மீமிசல் வழியாகத் தொண்டி. அந்த நாளும் நான்காம், ஆறாம் நாள்களும் நூறைத் தாண்டும். நான்காம் நாள் தனுஷ்கோடி. ஐந்தாம் நாள் முழுவதையும் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர்க் கண்மாய்களுக்குக் கொடுங்கள். ஆறாம் நாள் சாயல்குடி, வேம்பார், தூத்துக்குடி, திருச்செந்தூர். ஏழாம் நாள் குதிரைமொழித் தேரியின் செம்மண் மேடுகளைக் கடந்து கூந்தன்குளம்.

ஜனவரி நல்ல தேர்வு. ஆனால் நாள்காட்டியைவிட மழையை நம்புங்கள். ராமநாதபுரத்துக் கண்மாய்களில் பெரும்பாலானவை வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. மேல் கண்மாய் நிறைந்து, உபரி நீர் வழியும் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர். மழை பொய்த்த ஆண்டில் சரணாலயப் பலகைக்குக் கீழே ஆடு மேய்ந்துகொண்டிருக்கும். அதனால் முதல் நாள் இரவு தங்கும் ஊரிலேயே "கம்மாய்ல தண்ணி கெடக்கா?" என்று கேட்டுவிடுங்கள். "பறவை வந்திருக்கா?" என்று கேட்டால் பலரும் மரியாதைக்கு "வந்திருக்கு" என்பார்கள். தண்ணீரைப் பற்றி மட்டும் யாரும் தவறாகச் சொல்ல மாட்டார்கள்.

காரா, பைக்கா? எது நல்லது?
வாசகி, தேவகோட்டை

பார்ப்பதற்குக் கார், கேட்பதற்குப் பைக். சாலையோரம் நிற்கும் காரைப் பறவைகள் ஆளாகக் கருதுவதில்லை. கண்ணாடியை முன்பே இறக்கி வைத்து, மெல்ல வந்து நின்று, இன்ஜினை அணைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தால் 15 மீட்டரில் பஞ்சுருட்டான் தட்டானைப் பிடித்துக் கம்பியில் அடித்துத் தின்பதைப் பார்க்கலாம். கதவைத் திறந்தால் போயிற்று. ஒரு கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டிக் கதவு விளிம்பில் போட்டு, அதன்மேல் கேமராவை வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் அந்த அதிர்விலேயே படம் கலங்கிவிடும்.

பைக்கில் காது திறந்திருக்கும். பனங்காட்டுக்குள் கவுதாரி கத்துவது காரில் போகிறவருக்குக் கேட்காது. 110 சி.சி. ஸ்கூட்டர்கூட இந்தப் பாதைக்குத் தாராளம். மேடு பள்ளம் கிடையாது, கடல்காற்று ஒன்றுதான் பாரம்.

பைக்கில் போகிறவர்கள் உள்ளங்கை அகலப் பலகைத் துண்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கடலோர மணலிலும் தேரியிலும் சைடு ஸ்டாண்டு மெல்ல மெல்ல இறங்கும். நீங்கள் பைனாகுலரில் லயித்திருக்கும்போது வண்டி சாய்ந்துவிடும். பலகையை ஸ்டாண்டுக்குக் கீழே வைத்தால் அந்தக் கவலை இல்லை.

சீமைக்கருவேல முள்தான் பயம். தனியாகப் போகிறபோது நடுக்காட்டில் பஞ்சரானால் என்ன செய்வது?
வாசகர், விருதுநகர்

நியாயமான பயம். கண்மாய்க் கரைகளில் வெட்டிப் போட்ட முள் எப்போதும் கிடக்கும், காய்ந்த முள் ஆணியைவிட மோசம். முதல் விதி: கரைப் பாதையில் வண்டியை ஏற்றாதீர்கள். தார்ச்சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து ஏறுங்கள்.

டியூப்லெஸ் டயர் என்றால் முள் குத்தியதும் காற்று முழுவதும் போகாது. எனவே முள்ளைக் கண்டதும் பிடுங்கிவிடாதீர்கள். சரிசெய்யும் சாமான் எல்லாம் கையில் வந்த பிறகு பிடுங்குங்கள். வேண்டியவை: பஞ்சர் கிட் (துளையைத் தேய்க்கும் முறுக்குக் கம்பி, கோர்க்கும் ஊசி, ரப்பர் திரி ஐந்து, பசை), இடுக்கி, பிளேடு, காற்றடிக்கும் பம்ப்.

செய்முறை இது. சோப்புத் தண்ணீர் விட்டுக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். முள்ளை இடுக்கியால் அது நுழைந்த கோணத்திலேயே இழுங்கள். முறுக்குக் கம்பியை அதே கோணத்தில் செருகி எட்டுப் பத்து முறை மேலும் கீழும் தேயுங்கள். இதைச் சோம்பலில் விட்டால் திரி ஒட்டாது. ரப்பர் திரியை ஊசிக் காதில் பாதிவரை கோர்த்து, பசை தடவி, வெளியே ஒரு சென்டிமீட்டர் நிற்கும்வரை அழுத்திவிட்டு ஊசியை வெடுக்கென்று இழுங்கள். நீட்டிக்கொண்டிருப்பதை மூன்று மில்லிமீட்டர் விட்டு நறுக்குங்கள். காற்றடித்து மறுபடி சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பழகிய கைக்குப் பதினைந்து நிமிடம். கிளம்புவதற்கு முன் வீட்டில் ஒரு பழைய டயரில் செய்து பழகுவது நல்லது.

டியூப் உள்ள டயரில் பலரும் தவறுவது ஒரே இடத்தில்தான். டியூபை ஒட்டிவிட்டு மாட்டுவார்கள், ஐந்து கிலோமீட்டரில் மறுபடி காற்று போகும். காரணம், முள்ளின் வெளிப்பகுதி ஒடிந்து முனை மட்டும் டயர் ரப்பருக்குள்ளேயே நின்றிருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால் விரலைக் குத்தும். பழைய பனியன் துணியோ பஞ்சோ எடுத்து டயரின் உட்புறம் முழுவதும் துடைத்து வாருங்கள். முனை இருக்கும் இடத்தில் நூல் சிக்கும். அங்கே இடுக்கி போட்டுப் பிடுங்கிவிட்டு டியூபை மாட்டுங்கள். கூடவே ஒரு மாற்று டியூப், இரண்டு டயர் லீவர், உங்கள் வண்டியின் அச்சு நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர் இருக்கட்டும்.

கரிசலில் இன்னொரு வில்லங்கம் உண்டு. மழை பெய்த மறுநாள் மண்பாதையில் இறங்கினால் கரிசல் களி டயரில் ஏறி, மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே அடைத்து, சக்கரத்தையே சுற்றவிடாது. குச்சியால் நோண்டி எடுத்தால் பத்தடிக்கு ஒருமுறை மறுபடி அடைக்கும். இரண்டு நாள் வெயில் காயும்வரை தார்ச்சாலையை விட்டு இறங்காதீர்கள்.

பைனாகுலர் வாங்கப் போகிறேன். கடையில் 20 மடங்கு பெரிதாகக் காட்டுவது குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
வாசகர், கோவில்பட்டி

வேண்டாம். 20 மடங்கு பறவையோடு சேர்த்து உங்கள் கைநடுக்கத்தையும் 20 மடங்கு ஆக்கும். கையில் பிடித்துப் பார்க்க 8x42 போதும். 8 என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. அத்தனை மில்லிமீட்டர் அகல ஒளி உங்கள் கண்ணுக்கு வரும். விடியலில் கண்மணி விரிந்திருக்கும்போது அந்த அகலம் வேண்டும். 10x42-இல் இது 4.2 ஆகக் குறையும், நடுக்கமும் கூடும். எடை கனக்கிறது என்றால் 8x32 வாங்குங்கள்.

வாங்கியதும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இதைச் செய்யாமல் "கண் வலிக்கிறது" என்று பலர் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றைக் குறிவைத்து, வலப்பக்க முன்கண்ணாடியைக் கையால் மூடிக்கொண்டு, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்கு எழுத்தைத் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடிக்கொண்டு, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் குழலில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்குங்கள். வளையம் நிற்கும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு. அதன்பின் எப்போதும் நடுச்சக்கரம் மட்டும்தான். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண்குழலின் ரப்பரை உள்ளே இறக்கிவிடுங்கள்.

எவ்வளவு மெதுவாகப் போனாலும் கண்மாயில் இருக்கிற பறவையெல்லாம் எழும்பிவிடுகின்றன. என்ன தவறு?
வாசகி, பரமக்குடி

மெதுவாகப் போனது சரிதான். தவறு பெரும்பாலும் கரையின் உச்சியில் நிற்பதில். வானத்தைப் பின்னணியாக வைத்து ஓர் ஆள் எழுந்து நின்றால், கண்மாய் முழுவதற்கும் அது தெரியும். உச்சிக்கு இரண்டடி கீழே, ஒரு பனையையோ கருவேலத்தையோ முதுகுக்கு வைத்து உட்காருங்கள். தலை மட்டும் கரைக்கு மேலே இருந்தால் போதும். காலையில் கிழக்குக் கரை, மாலையில் மேற்குக் கரை. வெயில் உங்கள் முதுகில் விழ வேண்டும். எதிர்வெயிலில் பார்த்தால் கூழைக்கடாவும் கருப்பு, கொக்கும் கருப்பு.

உட்கார்ந்ததும் எதையும் தேடாதீர்கள். முதல் பத்து நிமிடம் ஒன்றும் இல்லாத மாதிரியே இருக்கும். பிறகு முக்குளிப்பான் ஒன்று நாணலுக்குள்ளிருந்து வெளியே வரும். அரிவாள் மூக்கன்கள் விட்ட இடத்திலிருந்து சேற்றைக் குத்தத் தொடங்கும். மஞ்சள் மூக்கு நாரை அலகைப் பாதி திறந்தபடியே கலங்கல் தண்ணீருக்குள் விட்டு, ஒரு காலால் சேற்றைக் கிளறிக்கொண்டு நடக்கும். மீன் அலகில் பட்டதும் அலகு மூடிக்கொள்ளும். அது கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை, தொடுவுணர்வால் பிடிக்கிறது. இதைப் பார்க்க முக்கால் மணி நேரம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஒரு நாளில் ஆறு கண்மாய் சுற்றுவதைவிட ஒரு கண்மாயில் ஆறு முறை உட்காருவதே மேல்.

மேய்ந்துகொண்டிருந்த பறவை தலையை நிமிர்த்தி அசையாமல் நின்றால், நீங்கள் ஏற்கெனவே கூடுதல் நெருக்கத்தில் இருக்கிறீர்கள் என்று பொருள். அங்கேயே நில்லுங்கள். அது மறுபடி மேயத் தொடங்கினால் சரி. இல்லையென்றால் இரண்டடி பின்வாங்குங்கள். ஆட்காட்டி தலைக்கு மேலே வட்டமடித்துக் கத்தினால் காலடியில் முட்டை இருக்கலாம். அது கூடு கட்டாது, கற்களுக்கு நடுவே வெறுந்தரையில் மண்நிறப் புள்ளி முட்டைகளை இடும். வந்த தடத்திலேயே திரும்பி நடங்கள். வேறு பக்கமாகச் சுற்றினால் மிதித்துவிட வாய்ப்புண்டு.

கூந்தன்குளத்தில் இவ்வளவு பாடு வேண்டாம். அங்கே ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டுகின்றன. தீபாவளிக்கு அங்கே வெடி வெடிப்பதில்லை. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியிலும் அப்படித்தான். அந்த ஊர்க்காரர்கள் தலைமுறையாகக் காத்துவந்த அமைதியின் பலனைத்தான் நாம் போய் அனுபவிக்கிறோம். ஹாரன் அடிக்காமல், கூட்டுக்கு நேர் கீழே நிற்காமல் அந்த அமைதியை நாமும் காப்பாற்ற வேண்டும். வரித்தலை வாத்தைத் தேடுகிறவர்கள் அங்கே நடுப்பகலிலும் குளத்தைப் பார்க்கலாம். அவை பெரும்பாலும் இரவிலும் விடியலிலும் வயல்களில் மேய்ந்துவிட்டுப் பகலில் தண்ணீரில் ஓய்வெடுக்கும்.

கோடியக்கரைக்குப் போனேன். பூநாரையையும் காணோம், வெளிமானும் கண்ணில் படவில்லை. உண்மையில் இருக்கின்றனவா?
வாசகர், திருவாரூர்

இருக்கின்றன. 1967-இல் சரணாலயமாக அறிவித்ததே வெளிமானுக்காகத்தான். 2002-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

பூநாரைக்குத் தேவை முழங்காலளவு உப்புத் தண்ணீர். தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக வைத்துத் தண்ணீரை வடிகட்டித் தின்கிற பறவை அது. அடைமழை பெய்து தண்ணீர் ஆழமானாலோ நல்ல தண்ணீர் கலந்து உப்பு குறைந்தாலோ வேறிடம் போய்விடும். அப்போது தனுஷ்கோடியில் முகுந்தராயர் சத்திரம் தாண்டியதும் சாலையோர நீர்ப்பரப்பைப் பாருங்கள். 2025-இல் அங்கே பூநாரைகளுக்கென்றே தனிச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. எந்த இடமானாலும் காலை ஒன்பதுக்குள் பார்த்துவிடுங்கள். அதற்குமேல் உப்பளத்தின் மேல் கானல் எழும்பும். எவ்வளவு விலையுயர்ந்த பைனாகுலரிலும் பூநாரை நெளியும் இளஞ்சிவப்புக் கோடாகத்தான் தெரியும்.

வெளிமான் திறந்த புல்வெளி விலங்கு. முள்காட்டுக்குள் தேடினால் கிடைக்காது. காலை ஆறரைக்கு வனத்துறையிடம் நுழைவுச்சீட்டு வாங்கி, அவர்கள் காட்டும் பாதையில் புல்வெளி ஓரமாகப் போங்கள். கருத்த முதுகும் முறுக்கிய கொம்பும் உள்ளது கிடா. பழுப்பு நிறத்தில் கொம்பில்லாமல் கூட்டமாக நிற்பவை பெட்டைகள். புள்ளிமானும் அங்கே உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஊர்ப்பக்கம் திரிந்து காட்டோடு கலந்துவிட்ட குதிரைகளையும் பார்க்கலாம். உணவு கொடுக்காதீர்கள்.

கோடியக்கரை, தனுஷ்கோடி இரண்டிலிருந்து திரும்பியதும் அன்றே நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவி, செயின் காய்ந்தபின் எண்ணெய் போடுங்கள். உப்புக்காற்று ஒரே இரவில் செயினைச் செந்நிறமாக்கிவிடும்.

வெயிலுக்குப் பயந்து இரவில் ஓட்டலாம் என்று நினைக்கிறேன். நரி, முயல் எல்லாம் பார்க்கலாமே?
வாசகர், சிவகாசி

பார்ப்பதைவிட அடிப்பதற்கே வாய்ப்பு அதிகம். பகல் வெயிலில் சூடேறிய தார், இருட்டிய பிறகும் கதகதப்பாக இருக்கும். அதற்காகப் பாம்பு வந்து படுக்கும். பக்கிக்குருவி சாலை நடுவிலேயே உட்கார்ந்திருந்து பூச்சி பிடிக்கும். விளக்கொளி பட்டால் கண் சிவந்து மின்னும், ஆனால் கடைசி நொடிவரை எழும்பாது. மாலை ஆறு மணிக்குள் தங்கும் இடத்துக்குப் போய்விடுங்கள். வெயிலுக்கு விடியல் ஐந்தரைக்குக் கிளம்புவதே வழி. நரியும் அந்த நேரத்தில்தான் கண்மாய் ஓரமாகத் திரும்பிப் போகும்.

தனியாகப் போகிற பெண் கவனிக்க வேண்டியது என்ன? பாம்பு கடித்தால் உதவிக்குக்கூட ஆள் இருக்காதே?
வாசகி, காரைக்குடி

தங்குவதை வேதாரண்யம், தொண்டி, ராமநாதபுரம், திருச்செந்தூர் போன்ற ஊர்களிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பகல் வெளிச்சத்தில் அறை எடுத்துவிடுங்கள். கண்மாய்க் கரையில் உட்காரும்முன் பக்கத்துக் கடையிலோ ஆடு மேய்க்கும் அம்மாவிடமோ "பறவை பார்க்க வந்திருக்கேன், ஒரு மணி நேரம் இங்கதான் இருப்பேன்" என்று சொல்லுங்கள். விவரம் தெரிந்துவிட்டால் சந்தேகமும் போகும், உங்களைக் கவனித்துக்கொள்ள ஓர் ஆளும் கிடைத்துவிடும். தங்கும் ஊரையும் வழியையும் வீட்டுக்குத் தினமும் காலையில் அனுப்புங்கள்.

பாம்புக்கு முதல் காப்பு கணுக்கால் மூடிய ஷூ. புல்லுக்குள் கால் வைக்கும்முன் குச்சியால் தட்டுங்கள். கடித்துவிட்டால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள், வீக்கம் வந்தால் இறுக்கும். கடிபட்ட காலை அசைக்காமல் உட்கார்ந்து 108-ஐ அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டிப் போகாதீர்கள். பாம்பைப் பிடிக்கவும் முயல வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான் அரசு மருத்துவமனையில் போடுகிறார்கள். இடம் சொல்லத் திணறாமல் இருக்க, வண்டியை நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லைப் போனில் படம் எடுத்து வைப்பது நல்ல பழக்கம்.

மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும்போது மண்நிறம், பறந்தால் பளீரென்று நீலம். என்ன பறவை?
வாசகர், எட்டயபுரம்

பனங்காடை. தெலங்கானா, கர்நாடகம், ஒடிசா மூன்றுக்கும் மாநிலப் பறவை. கம்பியிலிருந்து தரையைப் பார்த்துக்கொண்டே இருந்து, வெட்டுக்கிளியோ வண்டோ அசைந்தால் இறங்கிப் பிடிக்கும். இறக்கையில் வெளிர்நீலமும் கருநீலமும் பட்டை பட்டையாக இருப்பது விரித்தால்தான் தெரியும். தலையொடிந்த மொட்டைப் பனையின் பொந்தில் கூடு வைக்கும் என்பதால், செத்த பனை என்று வெட்டிவிடுகிற ஊரில் இந்தப் பறவைக்கும் வீடு போய்விடுகிறது. உங்கள் நிலத்தில் மொட்டைப் பனை இருந்தால் விட்டுவையுங்கள்.

திரும்பும்போது சத்தியமங்கலம், திம்பம் வழியாகப் போகலாமா? யானை வந்தால்?
வாசகர், ஈரோடு

பகலில் போகலாம், 27 கொண்டை ஊசி வளைவு. இரவுக் கட்டுப்பாட்டு நேரத்தைச் சோதனைச் சாவடியில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். யானை தெரிந்தால் நூறு மீட்டருக்கு முன்பே நில்லுங்கள். இன்ஜினை அணைக்காதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள், இறங்கிப் படம் எடுக்காதீர்கள். பின்னால் வரும் வண்டிக்குக் கைகாட்டிவிட்டு, யானை சாலையைக் கடந்து உள்ளே போனபிறகும் ஐந்து நிமிடம் பொறுங்கள். குட்டி பின்னால் வரலாம்.

சாலையில் நட்சத்திர ஆமை ஒன்று போய்க்கொண்டிருந்தது. எடுத்து ஓரமாக விடலாமா?
வாசகி, விளாத்திகுளம்

விடலாம். பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துவிட்டு, ஓட்டின் இரு பக்கமும் பிடித்து, தரையிலிருந்து அரையடிக்கு மேல் தூக்காமல், அது எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்து ஓரத்தில் விடுங்கள். வந்த பக்கமே திருப்பி விட்டால் மறுபடி சாலையில் இறங்கும். வீட்டுக்குக் கொண்டுபோவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எடுக்கும்போது சிறுநீர் விட்டால் பயந்திருக்கிறது என்று அறிந்து சீக்கிரம் கீழே வையுங்கள். வறண்ட காட்டில் அது சேர்த்து வைத்திருந்த தண்ணீர் அது.